ஒரு கிலோ சேர்த்தால் வரி இல்லை

அரிசிக்குப் போட்ட வரியை நினைத்து ஒருநாள் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கோபம் நியாயமானதுதான். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து நான் செய்த வேலைதான் உருப்படாத வேலை. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டு, இப்போது காகிதத்தில் எழுதுகிறேன்.

நான் குடவாசல் பக்கத்துக்காரி. அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து, கூலிக்கு நெல் வாங்கி வந்தவர்கள். பிற்பாடுதான் மூன்று மா நிலம், ஒரு ஏக்கர்போல, சொந்தமாக வந்தது. அதில் பாதியை அடகு வைத்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டு, ஆளைக் குறைக்கிறோம் என்றார்கள். மத்தியானம் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போகவில்லை. அவ்வளவுதான் மரியாதை. வீட்டுக்காரர் சென்னையிலேயே வேலையில் இருந்தார். அவர் சம்பளத்தில் சென்னை வாடகையும் கொடுத்து மூன்று பேர் சாப்பிட முடியாது என்பதால் மகளைக் கூட்டிக்கொண்டு நான் ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஓர் ஊர் வரும். தெருவுக்குத் தெரு மாடி வீடு, வாசலுக்கு வாசல் கிரானைட். பாதி வீட்டில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். குவைத், சவுதி, துபாய் என்று போயிருப்பார்கள். சபுராளிகள் என்று அங்கே சொல்வார்கள். அந்த ஊரில்தான் அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. வெப்சைட் வேண்டும் என்று முதல் நாள் போனில் பேசும்போதே "தங்கச்சி" என்று கூப்பிட்டார், நானும் அக்கா என்றேன், அப்படியே நின்றுவிட்டது.

அக்கா வீட்டின் முன்னறையில் அரிசி விற்றார். ஆலைக்காரர்களிடம் நேரடியாக வாங்கி, கல் பார்த்து, புடைத்து, ஐந்து கிலோ பாக்கெட்டாகப் போட்டு, மேலே கடையின் பெயர் அச்சடித்த லேபிள் ஒட்டி அனுப்புவார். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள்தான் வாங்குகிறவர்கள். அங்கே கிடைக்கிற அரிசி வாயில் வைக்க முடியவில்லை என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். பேராவூரணியிலிருந்து செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் வரவழைத்து அதோடு சேர்த்து விற்றார். கட்டுவதற்குத் தெருவிலேயே இரண்டு பெண்கள் வந்துபோனார்கள்.

இது பொழுதுபோக்குக்குச் செய்கிற வியாபாரம் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் சவுதியில் ஒரு மளிகைக் கடையில் நின்றவர். நின்றவர் என்றால் நிஜமாகவே நின்றவர், ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம். சர்க்கரை முற்றி இடது கால் சுண்டுவிரலில் புண் வந்தது. அங்கே கவனிக்கவில்லை. இங்கே வந்து விரலை எடுத்தார்கள். படுக்கையில் இருந்தபடியே அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னாராம். அடுத்த நோன்பு வருவதற்குள் இந்தக் கடை குடும்பத்தைத் தாங்கும் என்று தெரிந்துவிட்டால் திரும்பப் போகமாட்டேன், இல்லையென்றால் விசா தேடுவேன் என்று. மகன் திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான், மகளுக்குக் கல்யாணம் பேச வேண்டும்.

இதை அக்கா முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, எனக்குப் பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவங்க வீட்டுல இருக்கணும். இன்னொரு தடவ அந்த மனுசன ஏர்போர்ட்டுக்கு அனுப்ப என்னால முடியாது. அதுக்குத் தகுந்தாப்புல செஞ்சு குடு" என்றார். வெப்சைட்டுக்கு இப்படி ஒரு தேவையை வேறு யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஜாலியாக, "செஞ்சுருவோம்க்கா" என்றேன். வாய்க்கு என்ன, வரி போட்டிருக்கிறதா?

வெப்சைட் போட்டேன். நன்றாகவே போட்டேன், அதில் பொய்யில்லை. சிக்கல் வந்தது கார்ட்டில். வாங்குகிறவர் பொருளை எடுத்துப் போடுகிற கூடை அது. பணம் கட்டும் முன் விலையையும் வரியையும் கூட்டிச் சொல்வது அதன் வேலை. காசு கொடுக்காமல் கிடைக்கிற கார்ட்டில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்றுதான் வைக்க முடியும். நம் கணக்கு அதில் அடங்காததால் அந்தப் பகுதியை நானே எழுத வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்குள் போனால் வரியை மத்திய பங்கு, மாநில பங்கு என்று இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பெங்களூருக்குப் போனால் ஒன்றாகக் காட்ட வேண்டும். அரிசியிலோ அதற்கு மேல் ஒரு கூத்து. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி இருபத்தைந்து கிலோ வரைக்கும் நூற்றுக்கு ஐந்து வரி. இருபத்தைந்துக்கு மேல் போன மூட்டைக்கு வரி கிடையாது. அதனால்தான் ஊரெல்லாம் கடைகளில் இருபத்தைந்து கிலோ சிப்பம் காணாமல் போய் இருபத்தாறு கிலோ சிப்பம் வந்து உட்கார்ந்தது. ஒரே மூட்டையாக இருபத்தாறு கிலோ கொட்டித் தைத்து விற்றால் சட்டத்துக்குப் பொருந்தும், யாரும் கேட்க முடியாது.

ஆனால் பெங்களூர்ப் பிள்ளைகள் பெரிய மூட்டையை விரும்பவில்லை. பிளாட்டில் வைக்க இடமில்லை, பிரித்தால் வண்டு வருகிறது, ஐந்து கிலோ பாக்கெட்டாகவே வேண்டும் என்றார்கள். அதற்கு வரி உண்டு. ஒருநாள் அக்கா வருத்தமாகப் பேசினார். "அஞ்சு பாக்கெட் வாங்குனா தொண்ணூறு ரூவா வரின்னு காட்டுதாம். ஒரு புள்ள போன் பண்ணி, அரிசிக்கு என்னக்கா வரி, நீங்க கொள்ளையடிக்கிறீங்களான்னு கேட்டுருச்சு. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு தங்கச்சி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் அம்மா கால் சேற்றுப்புண்ணோடு நட்ட அரிசி. அதை அள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு லேபிள் ஒட்டினால் தண்டமா? யாரைக் கேட்டுப் போட்டார்கள்? அன்று முழுக்கப் புலம்பித் தீர்த்தேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது, "தின்னுடி, இதுக்கும் வரி கேப்பாங்க" என்றேன். அது மலங்க மலங்க விழித்தது.

மறுநாள் அரசாங்கத்தின் சைட்டிலேயே போய்ப் படித்தேன். கேள்வி பதிலாகப் போட்டிருந்தார்கள். இருபத்தைந்து கிலோவுக்கு மேலான மூட்டைக்கு வரி இல்லை என்ற பதில் வரைக்கும் வந்தேன். அங்கேயே எனக்கு யோசனை வந்துவிட்டது. ஐந்து பாக்கெட் இருபத்தைந்து கிலோ. கூட ஒரு கிலோ பச்சரிசி பாக்கெட் சேர்த்தால் இருபத்தாறு. ஆறையும் ஒரே சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, மேலே இருபத்தாறு கிலோ என்று எழுதிவிட்டால் அது ஒரு மூட்டைதானே? எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது. களத்தில் ஒரு கயிற்றில் கட்டி ஒரு தலையில் ஏற்றினால் அது ஒரு கட்டு. உள்ளே எத்தனை பிடி கதிர் என்று எந்தப் பண்ணையாரும் எண்ணியதில்லை, எந்த ஆளும் எண்ணியதில்லை. கூலியே அப்படித்தான் அளந்தார்கள். சட்டமும் அப்படித்தான் எண்ணும் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த கேள்விக்கான பதிலை நான் படிக்கவில்லை. சின்னப் பாக்கெட்டுகளைப் பெரிய பையில் போட்டாலும் வரியுண்டு என்று அதில்தான் இருந்தது. ஒரே பக்கத்தில், நாலு விரல் கீழே இருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"இது சரியா வருமா தங்கச்சி? எதுக்கும் ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமா?"

"அவரு என்னக்கா சொல்லப்போறாரு? பாத்துச் சொல்றேன்னு ரெண்டு வாரம் இழுப்பாரு. நான் கவர்ன்மென்ட் சைட்லயே படிச்சுட்டேன்."

"இல்ல, ஒரு போன்தான..."

"என் மேல நம்பிக்க இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றேன்.

அப்படிப் பேசினால் யார்தான் என்ன சொல்வார்கள்? "சரிம்மா, நீ படிச்ச புள்ள" என்றார் அக்கா.

ஆடிட்டர் மேல் எனக்கு ஒரு கடுப்பு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பில் மாதிரியை எடுத்துக்கொண்டு போனபோது என் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். எந்தத் தெரு என்று கேட்டால் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு, "இதெல்லாம் நீங்க படிச்சா வெளங்காதும்மா, என்கிட்ட விட்டுருங்க" என்றார். ஒன்பது வருஷம் அமெரிக்கக் கடைகளுக்கு, ஊருக்கு ஊர் மாறுகிற வரியைப் போட்டுப் பார்த்தவள் நான். இவர் எனக்கு விளங்காது என்கிறார். அந்த ஆளிடம் போய் இதைக் கேட்பதா என்ற வீம்புதான் அன்று என் வாயில் பேசியது.

மூன்று நாளில் எழுதி முடித்தேன். கார்ட்டில் இருக்கிற அரிசி பாக்கெட்டுகளின் எடையைக் கூட்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் அவற்றையெல்லாம் ஒரே மூட்டையாக மாற்றி, வரியைச் சைபர் ஆக்கி, பில்லில் இருபத்தாறு கிலோ மூட்டை ஒன்று என்று போட்டுவிடும். அதோடு விட்டேனா? ஐந்தாவது பாக்கெட்டைப் போட்டதும் பச்சைக் கட்டம் ஒன்று வந்து நிற்கிற மாதிரி செய்தேன். "இன்னும் ஒரு கிலோ சேர்த்தால் வரி இல்லை! ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறோம்" என்று அதில் எழுதினேன். ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான். போட்டுவிட்டு ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தேன்.

பதினான்கு மாதம் ஓடியது. நல்ல ஓட்டம். ஒரு கிலோ பச்சரிசிப் பாக்கெட் அது பாட்டுக்குப் பறந்தது. மாதம் நானூறு மூட்டை போனது. கட்டுகிற பெண்கள் இரண்டு பேர் ஐந்து பேரானார்கள். ஆடிட்டர் என் ப்ரோகிராம் கொடுக்கிற கணக்கை வாங்கி அப்படியே தாக்கல் செய்தார். அதில் வரியில்லா மூட்டை என்று இருந்ததே தவிர, உள்ளே பாக்கெட் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நோன்பு வந்தது, போனது. அக்காவின் வீட்டுக்காரர் விசாவைப் பற்றிப் பேசவேயில்லை. காலைப் பலகையில் நீட்டி உட்கார்ந்துகொண்டு லேபிள் ஒட்டுவார். நான் போனால், "வாம்மா தங்கச்சி, நீதான் எனக்கு இங்க விசா அடிச்சுக் குடுத்தவ" என்று கேலி பேசுவார். அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எனக்கு மன்னிப்பு இல்லை என்கிறேன்.

ஒருநாள் தஞ்சாவூர் தாண்டி, பார்சல் ஏற்றிய வேனை வரி அதிகாரிகள் நிறுத்தியிருக்கிறார்கள். வழக்கமான சோதனைதான். பில்லில் இருபத்தாறு கிலோ மூட்டை என்றிருந்தது. ஒரு சாக்கின் தையலைப் பிரித்தார்கள். உள்ளே லேபிள் ஒட்டிய ஆறு பாக்கெட்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். அன்று நான் அங்கே இருந்தேன், புதிதாக வந்த எண்ணெய் டின்னை சைட்டில் ஏற்றுவதற்காக. அக்காவின் வீட்டுக்காரர் காலுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வந்தவர்களில் பெரியவர் ஒரு பெண் அதிகாரி, என் வயதுதான் இருக்கும். அதட்டவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். தன் போனை எடுத்து அக்கா கடையின் சைட்டைத் திறந்தார். எங்கள் கண் முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டாகக் கார்ட்டில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒன்று வேலை செய்யக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். ஐந்தாவது பாக்கெட்டுக்குப் பச்சைக் கட்டம் டாணென்று வந்து நின்றது.

அவர் அதைச் சத்தமாக வாசித்தார். "இன்னும் ஒரு கிலோ சேர்த்தால் வரி இல்லை."

பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, "இங்க பாருங்கம்மா, தெரியாம விட்டுட்டீங்கன்னா அதுக்கு ஒரு வழி இருக்கு. இது தெரிஞ்சு செஞ்சது. நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே. இத யாரு எழுதுனது?" என்றார்.

மடியில் லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தவிர வேறு யார் எழுதியிருக்க முடியும்? நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது, அக்கா பேசிவிட்டார்.

"நான்தான்ங்க. நான்தான் எழுதச் சொன்னேன்."

"இவங்க யாரு?"

"டைப் பண்ற புள்ளங்க. சொன்னத அடிச்சுக் குடுக்கும். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

வேறு யாராவது வேறு எந்த நாளிலாவது என்னை டைப் பண்ற பிள்ளை என்று சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன். அன்று தலையை ஆட்டினேன். அந்த அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பாமல் இருந்திருந்தாலும் அவருக்கு அது தேவையில்லை. கடை அக்கா பேரில் இருந்தது, கையெழுத்து அக்கா கையெழுத்து.

அவர்கள் போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பின்ன? உன் பேரு வெளிய வந்துச்சுன்னா இந்த ஊர்ல எந்தக் கடைக்காரன் உனக்கு வேல தருவான்? உனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குல்ல" என்றார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிலேர்ந்து அவங்க வந்ததும் அவங்ககிட்டயும் அப்படியே சொல்லிக்கிறேன். நீ எதையும் கௌறாத" என்றார்.

அந்த ஊரில் துணிக்கடை, நகைக்கடை, ஒரு பேக்கரி என்று எனக்கு ஐந்தாறு இடத்தில் வேலை இருந்தது. எல்லாம் அக்கா சொல்லி வந்தவை. நான் கிளறவில்லை.

நோட்டீஸ் வந்தது. பதினான்கு மாதத்துக்கு யாரிடமும் வாங்காத வரி, அதற்கு வட்டி, தெரிந்தே செய்ததால் வரியளவுக்கு அபராதம். எல்லாம் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு மூட்டையும் எந்தத் தேதியில் யாருக்குப் போனது, உள்ளே எந்தெந்தப் பாக்கெட் என்று என் ப்ரோகிராம் பிசகில்லாமல் எழுதி வைத்திருந்தது. அதிலிருந்துதான் கணக்குப் போட்டார்கள். ஒரு மூட்டை விடவில்லை. ஆடிட்டரைப் பார்க்க அக்காவோடு நானும் போனேன். அவர் தாளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனேம்மா" என்றார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். என்னை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பீலுக்குப் போகலாம், ஆனால் எழுதி வைத்த வாசகம் இருக்கிறதே, நிற்காது, அபராதத்தைக் குறைக்க வேண்டுமானால் சீக்கிரம் கட்டுவதுதான் வழி என்றார்.

கொஞ்சம் குறைந்தது. அக்கா மகளுக்கென்று வைத்திருந்த நகை போனது. வீட்டுப் பத்திரம் பாங்கில் போய் உட்கார்ந்தது. நான் இருபதாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த சைட்டுக்கு அக்காவிடம் நான் வாங்கிய பணத்தில் அது பாதிகூட இல்லை. அக்கா வேண்டாம் என்று தள்ளினார். இரண்டாம் தடவை நான் வற்புறுத்தவில்லை. திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கார்ட்டைச் சரிசெய்தேன். எத்தனை பாக்கெட் வாங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து சதவீதம், பச்சைக் கட்டம் கிடையாது. எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் ஆர்டர் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. வாங்குகிறவர்களில் ஒருவர்கூட அந்தத் தொண்ணூறு ரூபாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு காப்பி குடித்துவிட்டு அதைவிட அதிகமாக வைத்துவிட்டு வருகிறவர்கள். முதலில் கோபித்துக்கொண்ட அந்த ஒரு பெண்ணும் பேசாமல் வரியோடு வாங்கினாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. எதற்காகச் செய்தேன்? யாருக்காகச் செய்தேன்?

ஆனால் வருகிற லாபம் முழுக்கப் பாங்குக் கடனுக்குப் போனது. வீட்டுச் செலவுக்கு மிஞ்சவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் லேபிள் ஒட்டுவதை விட்டுவிட்டுப் போனும் கையுமாக இருந்தார். பழைய மளிகைக் கடை விசா காலாவதியாகியிருந்தது. ஐம்பத்துநான்கு வயதில், விரல் எடுத்த காலோடு, யார் வேலை தருவார்கள்? தெரிந்தவர் மூலமாக ஒன்று வந்தது. ஊரை விட்டுத் தள்ளி, மணலில், கட்டுமானச் சாமான் போட்டு வைத்திருக்கிற இடத்தில் காவல் வேலை. ஒரு தகர அறை, துணைக்கு ஆள் கிடையாது. சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால்வாசி. சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அவர் அக்காவிடம் கத்துகிற ஆள் இல்லை. பேசமாட்டார். சாப்பாட்டுத் தட்டை அக்கா வைத்தால், அக்கா நகர்ந்த பிறகுதான் கை வைப்பார். கட்டுகிற பெண்களில் ஒருத்தி என்னிடம், "தொண்ணூறு ரூவாய்க்கு ஆசப்பட்டுப் புருசன வெயில்ல அனுப்புது பாருங்க" என்றாள். தெருவே அப்படித்தான் பேசியது. அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தால் ஏன் என்று கேட்பாள். பேசாமல் வந்துவிட்டேன்.

அவர் கிளம்புகிற நாள் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரமும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணே, அது அக்கா செஞ்சது இல்ல, நான் செஞ்சது. அக்கா ஆடிட்டர்கிட்ட கேக்கணும்னு சொன்னாங்க, நான்தான் தடுத்தேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

மத்தியானத் தொழுகை முடிந்து அவர் வந்திருந்தார். கார் வாசலில் நின்றது. பெட்டி ஏற்கெனவே டிக்கியில். முன்னறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மகன் மாத்திரை டப்பாவைக் கைப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அக்கா உள்வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இளகியது. "வாம்மா. நல்ல வேள வந்த. உன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னு இருந்தேன்" என்றார்.

முதலில் அவர் சொல்லட்டும் என்று விட்டேன்.

"நீ அன்னைக்கே வேணாம்னு சொன்னியாமே. ஆடிட்டர ஒரு வார்த்த கேட்டுருங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டியாமே. இவதான் கேக்காம உன்ன எழுத வெச்சாளாம். இவளே சொன்னா." செருப்பின் வாரை இழுத்து ஒட்டினார். "படிச்ச புள்ள சொல்றதக் கேட்டிருந்தா நான் இந்தக் கால வெச்சுக்கிட்டு எதுக்குப் போறேன்? நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத தங்கச்சி. நீ சொன்னேல்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். பேசாதே என்றும் அந்தப் பார்வை சொல்லவில்லை, பேசு என்றும் சொல்லவில்லை. வெறுமனே பார்த்தார். வெளியே டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

"சொன்னேண்ணே" என்றேன்.

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். பல வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அக்காவை நேராகப் பார்த்துப் பேசினார்.

"கேட்டியா?"

"கேட்டேங்க" என்றார் அக்கா.